கேட்காதவனிடம் சொல்வது

தமிழ் உரைநடை வரலாறு என்று நம் கல்லூரிகளில் நடத்தப்படும் பாடத்தில் பாதிரிமார்களுக்கு ஒரு அத்தியாயம் நிச்சயம் உண்டு. அச்சு கொண்டு வந்தார்கள், அகராதி செய்தார்கள், எகர ஒகரங்களைத் திருத்தினார்கள் என்று ஒரு பட்டியல். முடிவில் அவர்களது 'தமிழ்த் தொண்டு' பற்றி ஒரு பெருமூச்சு. இதற்கு எதிர்முகாம் ஒன்றும் உண்டு. அவர்கள் வந்தது மதம் மாற்ற, தொண்டு என்பதெல்லாம் வேஷம் என்பது அதன் கட்சி. முதல் முகாம் மதத்தைப் பெருந்தன்மையோடு மறந்துவிட்டு மொழியை எடுத்துக் கொள்கிறது. இரண்டாவது முகாம் மொழியை உதறிவிட்டு மதத்தை மட்டும் பிடித்துக் கொள்கிறது. இரண்டும் தனித்தனியாக இருந்தவை என்பதில் இரு முகாம்களுக்கும் அபிப்பிராய பேதம் இல்லை. அந்த இடத்தில்தான் எனக்குச் சந்தேகம். பாதிரிமார்களின் உரைநடை அவர்களது பிரசாரத்தின் உபவிளைவு அல்ல. தன்னிடம் எதையும் கேட்காத ஒருவனிடம் போய் ஒரு விஷயத்தைச் சொல்லியே தீர வேண்டும் என்ற நிர்ப்பந்தம்தான் அந்த உரைநடை.

அதற்கு முன் தமிழில் உரைநடை இல்லாமல் இல்லை. இளம்பூரணரும் பரிமேலழகரும் எழுதியது உரைநடைதான். ஆனால் அவர்கள் பேசுவது நூலைக் கையில் பிடித்துக் கொண்டு எதிரே வந்து உட்கார்ந்துவிட்ட மாணவனோடு. ஈட்டின் உரைகாரர் பேசுவது ஏற்கெனவே உருகிக் கொண்டிருக்கும் பக்தனோடு. கல்வெட்டு பேசுவது கட்டளைக்குக் கட்டுப்பட்ட குடியோடு. தேவாரம் பாடியவர்கள் ஊர் ஊராகப் போனார்கள் என்றாலும் பாட்டாகப் போனார்கள். பாட்டை யாரும் வாசலில் நிறுத்திக் குறுக்குக் கேள்வி கேட்பதில்லை. சமணரும் பௌத்தரும் தெருவில் நின்று பேசியிருப்பார்கள். அந்தப் பேச்சு நமக்கு எஞ்சவில்லை, காவியங்கள்தான் எஞ்சின. பொதுவான நூல் இல்லை, பொதுவான தெய்வம் இல்லை, கேட்க வேண்டிய அவசியமும் இல்லை என்ற நிலையில் நிற்கும் ஒரு அந்நியனை 'நீ' என்று விளிக்கும் வசனம் பதினாறாம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் ஆரம்பிக்கிறது. ஆரம்பமே ஒரு பிழையோடு.

பரதவர்கள் 1536-37-இல் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றுக்கொண்டது எந்தச் செய்தியையும் கேட்டு அல்ல. முத்துக்குளிப்பில் தங்களுக்கு நேர்ந்த நெருக்கடியில் போர்ச்சுகீசியரின் பாதுகாப்பு அவர்களுக்குத் தேவைப்பட்டது. ஞானஸ்நானம் அதற்கான விலை. தண்ணீர் முதலில் வந்தது, வார்த்தை பிறகு வந்தது. 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் அந்தக் கரைக்கு வந்து சேர்ந்தபோது, தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதற்கு மேல் அந்த ஜனங்களுக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை. சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. இரு பாஷையும் அறிந்த சிலரை வைத்துக்கொண்டு விசுவாசப் பிரமாணத்தையும் கற்பனைகளையும் ஜெபங்களையும் மிகுந்த பிரயாசையோடு மொழிபெயர்த்து, மனப்பாடம் செய்து, கையில் மணியை அடித்துக்கொண்டு தெருத் தெருவாகப் போய்ச் சிறுவர்களைத் திரட்டி ஒப்பிக்க வைத்தார்.

பிறகு தம்மோடு ஊழியம் செய்த மான்சிலாஸுக்கு எழுதிய கடிதம் ஒன்றில் ஒரு திருத்தம் சொல்கிறார். விசுவாசப் பிரமாணத்தில் 'வேணும்' என்று சொல்லி வருகிறோம்; அதற்கு 'விரும்புகிறேன்' என்று அர்த்தமாம்; இனி 'விசுவசிக்கிறேன்' என்று சொல்லிக் கொடுங்கள் என்கிறார்.

நமது உரைநடை வரலாற்றில் இதைவிட முக்கியமான ஒரு பிழைதிருத்தத்தை நான் அறியேன். 'சர்வ வல்லமையுள்ள பிதாவை விசுவசிக்கிறேன்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் ஒரு கடற்கரை முழுவதும் 'எனக்கு வேணும்' என்று சொல்லிக் கொண்டிருந்திருக்கிறது. மொழிபெயர்ப்பு என்ற அளவில் இது தப்புதான். ஆனால் அந்த ஜனங்களின் நிலையை இதைவிட உண்மையாகச் சொன்ன வார்த்தை உண்டா? அவர்களுக்கு ஒன்று வேண்டியிருந்தது. அதற்காகத்தான் வந்தார்கள். 'வேணும்' என்பது அவர்கள் வாயில் பிறந்த சொல். 'விசுவசிக்கிறேன்' என்பது அவர்கள் வாயில் வைக்கப்பட்ட சொல். அந்தச் சொல் சபைக்கு உள்ளே கடவுள் நம்பிக்கை என்று நின்றுவிட்டது. வெளியே எஜமானிடம் வேலைக்காரன் காட்டுவதும் நாய் காட்டுவதும் 'விசுவாசம்' என்றே இன்றும் வழங்குகிறது. எந்த வார்த்தையும் காலியாக வந்து சேர்வதில்லை.

சவேரியாரை இரண்டு கடிதங்களில் இரண்டு மனிதராகப் பார்க்கலாம். 1545 ஜனவரியில் ஐரோப்பாவுக்கு எழுதும்போது திருவிதாங்கூர்க் கரையில் ஒரே மாதத்தில் 10,000 பேருக்கு மேல் ஞானஸ்நானம் கொடுத்ததாக எழுதுகிறார். அது கணக்கு. கேட்பவன் எண்ணாகிவிட்ட இடம். மான்சிலாஸுக்கு எழுதியதில் ஒரே ஒரு வினைச்சொல்லைப் பற்றிக் கவலைப்படுகிறார். அங்கே கேட்பவன் இன்னும் ஆளாக இருக்கிறான். அவன் காதில் என்ன விழுகிறது என்பது சொல்பவனுக்கு முக்கியமாகிறது. சுவிசேஷப் பிரசாரத்தின் பிற்கால வரலாறு முழுவதையும் இந்த இரண்டு கடிதங்களுக்கு இடையில் எங்காவது ஒரு புள்ளியில் பொருத்திவிடலாம்.

கேட்பவன் காதில் என்ன விழுகிறது என்ற கவலையைத் தன் வாழ்நாள் வேலையாக எடுத்துக் கொண்டவர் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ். அதே கரையில் அரை நூற்றாண்டு இருந்து, தமிழுக்குப் போர்ச்சுகீசிய மொழியில் ஒரு இலக்கணம் எழுதி, 1600-இல் இறந்தார். 1578-இல் கொல்லத்தில் அச்சான அவருடைய 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கம். அடுத்த ஆண்டு கொச்சியில் அச்சான 'கிரிசித்தியானி வணக்கம்' வினாவும் விடையுமாகப் போகிறது. கடவுளுக்கு அவர் கண்ட சொல் தம்பிரான். மற்றபடி கோயில், பலிபூசை போன்றவற்றுக்குப் போர்ச்சுகீசிய வார்த்தைகளையே தமிழ் எழுத்தில் வைத்தார். இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லிவிடக் கூடாது. உன்னிடம் உள்ள எதுவும் இது அல்ல என்று சொல்வதற்கு அந்நியச் சொல்லை அந்நியமாகவே விட்டுவைப்பதும் ஒரு நேர்மை. அதன் விலை, செய்தி பறங்கியின் செய்தியாகவே தங்கிவிட்டது. மதுரையில் 1595 முதல் இருந்த கொன்சாலோ பெர்னாண்டஸ் பள்ளிக்கூடமும் வைத்தியசாலையும் நடத்தியும், பத்து ஆண்டுக்கு மேலாக நாயக்கர் சீமைக் குடிகளில் ஒருவரையும் சேர்க்க முடியவில்லை. சேர விரும்புகிறவனிடம், பறங்கிக் குலத்தில் புக விருப்பமா என்றே கேட்கப்பட்டதாம். எவன் விரும்புவான்?

1606-இல் மதுரைக்கு வந்த நொபிலி எதிர்த் திசையில் போனார். காவி கட்டினார், மாமிசம் விட்டார், சிவதர்மர் என்ற பிராமணரிடம் ஸம்ஸ்கிருதம் கற்றார், தான் பறங்கி அல்ல என்று ஓலை எழுதி அறிவித்தார். கடவுள் சருவேசுரன் ஆனார். பலிபூசை பூசை ஆயிற்று. தேவாலயம் கோயில் ஆயிற்று. தென் மாவட்டங்களில் கத்தோலிக்கர்கள் பூசைக்குப் போவதாகச் சொல்வதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். அந்த ஒரு சொல்லில் நொபிலி இருக்கிறார். அண்டை வீட்டுக்காரனின் மிக உயர்ந்த வார்த்தையைக் கடன் வாங்கி அதில் தன் பொருளை ஊற்றுவது என்ற இந்த முறை ரோமாபுரி வரை பெரும் சர்ச்சையாகி, 1623-இல் பதினைந்தாம் கிரகோரி பாப்பரசரின் ஆணையோடு ஒருவாறு அனுமதி பெற்றது. ஆனால் கடன் வாங்கிய வார்த்தை தனியாக வராது, தன் வீட்டாரையும் கூட்டிக் கொண்டுதான் வரும். உயர்குலத்தின் வார்த்தையோடு உயர்குலத்தின் தீண்டாமையும் உள்ளே வந்தது. பிராமண சந்நியாசி வேஷத்தில் இருக்கும் குரு தாழ்த்தப்பட்டவன் வீட்டுக்குப் போக முடியாது. ஆகவே 1640 முதல் பண்டாரசாமிகள் என்று வேறு வகைக் குருக்கள் ஏற்பட்டார்கள். எல்லோருக்கும் ஒரே செய்தி என்று சொல்ல வந்தவர்கள் அதைச் சொல்வதற்கு இரண்டு வகை வாய்களை வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

மூன்றாவது வழி தரங்கம்பாடியில். சீகன்பால்கு 1706 ஜூலையில் கரையிறங்கினார். பள்ளிச் சிறுவர்களோடு உட்கார்ந்து மணலில் எழுதிப் பழகினார். அவர் மத போதகம் செய்வது டேனிஷ் கம்பெனியின் அதிகாரிக்கே பிடிக்கவில்லை. 1708 இறுதியிலிருந்து நான்கு மாதம் சிறையில் இருந்தார். பிரசாரம் என்றால் ஆட்சியின் நிழல் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறவர்கள் இந்த நான்கு மாதத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். புதிய ஏற்பாட்டை 1711-இல் மொழிபெயர்த்து முடித்தார். 1714-15-இல் தரங்கம்பாடியிலேயே அது அச்சாயிற்று. 1719-இல் தன் 36-ஆவது வயதில் இறந்துபோனார். இதெல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. இதில் அதிகம் பேசப்படாத பகுதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தான் யாரிடம் சொல்ல வந்தாரோ அவர்களிடம் கேட்கவும் ஆரம்பித்தார் என்பது அது.

1708-இல் தான் சேகரித்த நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் நூல்களுக்குக் குறிப்போடு ஒரு பட்டியல் தயாரித்தார். பிறகு 1712-இலிருந்து அவரும் அவர் சகாக்களும் தமிழர்களுக்குக் கேள்விகள் அனுப்பிப் பதில் எழுதச் சொன்னார்கள். வந்த கடிதங்கள் ஜெர்மனில் மொழிபெயர்க்கப்பட்டு ஹாலே நகரத்தில் 1714-லிலும் 1717-லிலும் அச்சாயின. எழுதியவர்கள் பணிந்து எழுதவில்லை. ஒவ்வொரு ஜனத்துக்கும் தெய்வம் ஒரு வழி வைத்திருக்க நீங்கள் ஏன் இதற்குள் வருகிறீர்கள் என்றார்கள். உங்கள் வேதம் நல்லதாகவே இருக்கட்டும், உங்கள் ஆட்கள் குடிப்பதும் மாடு தின்பதும் குளிக்காமல் திரிவதும் அந்த வேதத்தில் உள்ளதா என்றார்கள். கேட்காதவனிடம் சொல்லப் போனவன் கடைசியில் கேட்கிறவனாக உட்கார நேர்ந்தது.

அப்படி உட்கார்ந்ததன் பலன் 1713-இல் அவர் எழுதி முடித்த தென்னிந்திய தெய்வங்களின் வம்சாவளி. அதைப் பெற்ற ஹாலேயின் பிராங்கே, மிஷனரிகளை அனுப்பியது அஞ்ஞானத்தை வேரறுக்க, அந்த அபத்தங்களை ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்ற நிலையை எடுத்தார். அந்த நூல் சென்னையில் அச்சேற 1867 வரை ஆயிற்று. அனுப்பியவனுக்குத் தேவைப்பட்டது எண்ணிக்கை. போனவன் கொண்டு வந்தது ஒரு உலகம். இந்த இடத்தில் பிரசாரம் தன் நோக்கத்தைத் தாண்டிவிடுகிறது. சீகன்பால்கு தன் விசுவாசத்தில் கடைசிவரை அசைந்தவர் அல்ல. ஆனால் எதிரே இருப்பவனைத் துல்லியமாகத் தெரிந்து கொள்ளாமல் அவனிடம் பேச முடியாது என்ற தொழில் நிர்ப்பந்தம், அவன் அஞ்ஞானி என்ற முதல் கணிப்பைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக் கொண்டிருந்திருக்கிறது.

இந்த நிர்ப்பந்தத்தின் சிறிய வடிவம் எனக்கு உத்தியோக வழியாகத் தெரியும். நகைக்கடன் கவுண்டரில் உட்காருகிறவன் நான். படிவத்தின் தமிழில் பிணையம், தவணை, ஏல அறிவிப்பு எல்லாம் பிழையில்லாமல் இருக்கின்றன. எதிரே நிற்கும் பெண்ணுக்கு அதில் ஒன்றும் வேண்டாம். 'நகை எப்ப முழுகும் சார்?' என்பதுதான் அவள் கேள்வி. அந்த 'முழுகும்' எந்தப் படிவத்திலும் கிடையாது. அதைச் சொல்லி விளக்குகிற அன்றைக்குத்தான் கையெழுத்துக்கு ஏதாவது அர்த்தம் இருக்கிறது. மற்ற நாட்களில் வாங்குவது வெறும் ரேகை.

சொல்வதற்கென்று பாதிரிமார்கள் உண்டாக்கிய வடிவத்தை மிகச் சரியாகப் புரிந்துகொண்டவர் அவர்களது மாணவர் ஒருவரே. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் பெர்சிவல் பாதிரியாரின் பள்ளியில் படித்தவர், அங்கே ஆசிரியராக இருந்தவர், 1850-இல் வெளிவந்த பைபிள் மொழிபெயர்ப்பில் பெர்சிவலுக்குத் துணை நின்றவர். 1847 டிசம்பர் 31 அன்று வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தன் முதல் சைவப் பிரசங்கத்தைச் செய்தார். வெள்ளிக்கிழமை தோறும் அது தொடர்ந்தது. மறு ஆண்டு பெர்சிவலிடமிருந்து விலகினார். பின் அச்சுக்கூடம், பள்ளிக்கூடம், பாலபாடம், வினாவிடை, துண்டு வெளியீடு. 1852-இல் பெரிய புராணத்தை வசனமாக்கினார். சைவம் தன் சொந்த ஜனங்களையே கேட்காதவர்களாகப் பாவித்துப் பேச வேண்டி வந்தது அப்போதுதான். நாவலரின் வசனத்தைப் பழைய உரையாசிரியர்களின் வாரிசாகக் காட்டுவது நம் பண்டிதர்களுக்குச் சௌகரியமாக இருக்கலாம். அந்த வாக்கியத்தின் முதுகெலும்பு பிரசங்க மேடையில் உருவானது. சாதி வரம்பை அவர் தாண்டவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர் விளித்த 'நீங்கள்' என்பதற்குள் எல்லோரும் அடங்கவில்லை. நொபிலியின் பிரச்னை வேறு வாசல் வழியாக இங்கேயும் வந்து உட்கார்ந்து கொண்டது.

இதற்கிடையில் கிறிஸ்தவத் தமிழுக்கே என்ன ஆயிற்று? கடவுளுக்கான சொல்லை மட்டும் தொடர்ந்து பார்த்தால் போதும். ஹென்றிக்கஸின் தம்பிரான், நொபிலிக்கும் சீகன்பால்குக்கும் சருவேசுரன், பப்ரிஷியஸுக்குப் பராபரன், 1871-இன் பவர் திருப்புதலில் தேவன், 1995-இன் பொது மொழிபெயர்ப்பில் கடவுள். ஒவ்வொரு மாற்றமும் வெளியே நிற்கிறவனுக்காகச் செய்யப்பட்டது. ஒவ்வொரு முறையும் உள்ளே இருக்கிறவன் எதிர்த்தான். தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் பப்ரிஷியஸின் வாசகத்தில் வளர்ந்தவர். ரேனியஸ் முதலிய புதிய மிஷனரிகள் அந்த வாசகத்தில் கை வைத்தபோதும், சபையில் சாதி வித்தியாசம் கூடாது என்றபோதும் ஒரே ஆவேசத்தோடு எழுந்தார். 1829-இல் 'சாதித் திருத்தலின் பயித்தியம்' எழுதினார். வேதத்தின் சொல்லும் பந்தியின் வரிசையும் அவருக்கு ஒன்றாகவே பட்டிருக்கின்றன. அது அவருடைய தனிப்பட்ட குறை அல்ல. மூன்று தலைமுறையில் செய்தி சொத்தாகிவிடுகிறது. சொத்துக்கு எல்லைக் கல் தேவைப்படுகிறது. தெருவில் நின்று அந்நியனைக் கூப்பிடுவதற்காகச் செய்யப்பட்ட மொழி, உள்ளே இருப்பவர்கள் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்ளும் குழூஉக்குறியாக ஆகிவிடுகிறது.

'சுவிசேஷம்' என்ற சொல்லையே எடுத்துக் கொள்ளலாம். 'என்ன விசேஷம்?' என்று கேட்டுக்கொண்டேதான் நாம் ஒருவர் வீட்டுக்குள் ஒருவர் நுழைகிறோம். அந்த விசேஷத்தின் முன் ஒரு எழுத்தைச் சேர்த்து நல்ல சேதி என்று ஆக்கியவன் யாரானாலும் அவனுக்குத் தெருவின் காது இருந்திருக்கிறது. இன்று அந்தச் சொல்லைக் கேட்டவுடன் யாருக்கும் திண்ணை ஞாபகம் வருவதில்லை, ஒலிபெருக்கிதான் வருகிறது. பின்னால் வந்த 'நற்செய்தி' தூய தமிழ்தான். அதில் யாரும் யார் வீட்டுக்குள்ளும் நுழையவில்லை.

பாதிரிமார்களை நியாயப்படுத்துவதோ குற்றஞ்சாட்டுவதோ என் நோக்கம் அல்ல. அவர்களது செய்தியில் எனக்கு நம்பிக்கையும் இல்லை. கேட்காதவனிடம் போய்ச் சொல்வது ஒரு வன்முறை என்று வாதிடலாம். 10,000 என்று எண்ணி எழுதப்பட்ட இடத்தில் அது வன்முறைதான். ஆனால் கேட்காதவனிடம் சொல்லவே கூடாது என்பது அடக்கம் ஆகிவிடுமா? நமக்குள் இருப்பது உனக்குத் தேவையில்லை என்று ஏற்கெனவே தீர்மானித்துவிட்ட இறுமாப்பும் அதற்குள் இருக்கலாம். செல்லப்பா 1959-இல் 'எழுத்து' தொடங்கியபோது 2000 பிரதிக்கு மேல் அச்சிடுவதில்லை என்று அறிவித்தார். அதே செல்லப்பாதான் புத்தகங்களை மூட்டையாகத் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கினார். அறிவிப்பைத்தான் நாம் சுவீகரித்துக் கொண்டோம், மூட்டையை அல்ல. பிரக்ஞை, தளம், இருப்பு என்று நாம் எழுதுவதெல்லாம் அவசியத்தில் பிறந்த சொற்கள்தான். பராபரனும் அப்படிப் பிறந்தவன்தான். இப்போது அவை யாரைக் கூப்பிடுகின்றன என்பது கேள்வி. முன்னூறு பேருக்குள் நாம் ஒருவரையொருவர் விசுவசித்துக் கொண்டிருக்கிறோம்.

மான்சிலாஸ் அந்தத் திருத்தத்தைக் கரை நெடுகிலும் சொல்லிக் கொடுத்திருப்பார். சிறுவர்கள் மணிச் சத்தத்துக்கு ஓடிவந்து 'விசுவசிக்கிறேன்' என்று பிசகில்லாமல் ஒப்பித்திருப்பார்கள். வலையை இழுத்துக் கொண்டிருந்த பெரியவர்கள் அதைக் கேட்டுக் கொண்டிருந்திருப்பார்கள். அவர்களுக்கு வேண்டியது என்ன என்று அதற்குப் பிறகு யாராவது கேட்டார்களா என்பதைப் பொறுத்துத்தான் அந்தத் திருத்தத்தின் மதிப்பு.